ஃபிரேயாவைக் கொன்ற அன்பு

நார்வே நாட்டுத் தலைநகராகிய ஓஸ்லோவில், படகுகள் கட்டப்படும் துறை ஒன்றின் அருகே, கரைப்பாறைகளின்மேல் ஒருக்களித்துப் படுத்திருக்கும் விலங்கொன்றின் வெண்கலச் சிலை உள்ளது. அஸ்த்ரி தோனோயான் என்னும் சிற்பி அதனை மெய்யுருவின் அளவிலேயே வடித்துள்ளார். பொதுமக்கள் இணையத்தின் வழியாகத் திரட்டிய பணத்தில் உருவான அச்சிலை, 2023 ஏப்ரல் 29 அன்று திறந்து வைக்கப்பட்டது. செய்தித்தாளில் அதன் படத்தைக் கண்டபோது நம்மை நிறுத்தி வைத்தது, சிலைக்கு இடப்பட்டிருந்த பெயர்தான். 'நம் பாவங்களுக்காக' என்பதே அப்பெயர். நாள்தோறும் பீடத்தருகே நின்று நாம் உச்சரிக்கும் சொற்களை, கோவிலுக்குப் புறம்பே ஒரு விலங்கின் சிலையடியில் காண்போம் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. அது யாருடைய பாவம், என்ன பாவம் என்று தேடிப் படிக்கத் தொடங்கினோம்.

அவ்விலங்கு ஒரு வால்ரஸ். நம்மில் பெரும்பாலோர் அதனைப் படத்தில் மட்டுமே கண்டிருப்போம். வடதுருவப் பனிக்கடலில் வாழ்வது, கடல்நாய்க்கு உறவு, மேல்வாயிலிருந்து கீழ்நோக்கி வளரும் இரு தந்தங்களும் அடர்ந்த மீசையும் உடையது. ஆழங்குறைந்த கடலின் அடியில் மீசையால் தடவித் தடவிச் சிப்பிகளைக் கண்டெடுத்துத் தின்னும். உண்ட பின் பனிக்கட்டியின் மீதோ கரையிலோ ஏறி நெடுநேரம் உறங்கும். குளிர்நீரில் இழந்த வலிமையை அது மீட்டுக்கொள்வது இந்த உறக்கத்தினால்தான். ஆகவே, உறங்கும் வால்ரஸைத் தட்டியெழுப்புவது நாம் நினைப்பதுபோல் விளையாட்டன்று.

ஃபிரேயா என்று மக்கள் பெயரிட்டழைத்த பெண் வால்ரஸ் ஏறக்குறைய ஐந்து வயதினள்; அறுநூறு கிலோ எடையினள். எக்காரணத்தாலோ தன் கூட்டத்தைப் பிரிந்து தெற்கே வந்துவிட்டாள். 2021 அக்டோபரில் நெதர்லாந்து நாட்டுக் கடற்படைத் துறைமுகத்தில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் முதுகில் ஏறி உறங்கினாள். அந்தக் கப்பலின் வகைக்கே 'வால்ரஸ்' என்றுதான் பெயர் என்பதால், உலகமெல்லாம் அப்படத்தைப் பார்த்துச் சிரித்தது. பிறகு பிரிட்டனின் வடகோடியிலும் டென்மார்க் கரைகளிலும் காணப்பட்டாள். 2022 ஜூலை நடுவில் ஓஸ்லோ நகரையொட்டிய கடற்கழிக்கு வந்து சேர்ந்தாள். அது கோடைக்காலம், மக்கள் நீராடவும் படகோட்டவும் கரையில் திரளும் காலம். அவளோ உறங்க இடந்தேடிச் சிறு படகுகளில் ஏறினாள். அறுநூறு கிலோவைத் தாங்கும் வலிமை அப்படகுகளுக்கு ஏது? சில சேதமுற்றன, சில அமிழ்ந்தன. படகுக்குச் சொந்தக்காரரைத் தவிர மற்றெல்லாருக்கும் அது வேடிக்கையாயிற்று.

இங்கேதான் கைப்பேசி கதைக்குள் வருகிறது. இன்று இன்ன துறையில் கிடக்கிறாள் என்ற செய்தி, படத்துடன் மணிக்கு மணி பரவியது. பெயர் சூட்டப்பட்ட விலங்கு நம் வீட்டு விலங்கு போலாகிவிடுகிறதல்லவா? பார்க்க வந்தவர்கள், கண்டதும் திரும்பிச் செல்லவில்லை, நெருங்கினார்கள். பிள்ளைகளை முன்னால் நிறுத்திப் படமெடுத்தார்கள். அவள் இருந்த நீரில் இறங்கி அவளோடு நீந்தினார்கள். அவள்மீது பொருள்களை எறிந்தவர்களும் உண்டு என்று அந்நாட்டு மீன்வளத் துறை தெரிவித்தது. விலகி நில்லுங்கள் என்று அத்துறை மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டது. தொட்டுவிடும் தொலைவில் சிறுவர்களுடன் கூட்டம் நிற்கும் படம் ஒன்றையும் சான்றாக வெளியிட்டது. மக்கள் கேட்கவில்லை. வேறிடத்துக்குக் கொண்டுபோகலாமா என்று ஆராய்ந்தார்கள். மயக்க மருந்து செலுத்தினால் நீரில் மூழ்கி இறக்கக்கூடும் என்று அஞ்சினார்கள். இறுதியில், மனித உயிருக்கு ஆபத்து என்று முடிவு செய்து, 2022 ஆகஸ்டு 14-ஆம் நாள் விடியற்காலையில் அவளைக் கொன்றுவிட்டார்கள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவுக்கு முந்தைய நாள்.

முடிவெடுத்த அதிகாரிகளை உலகம் வெகுவாகத் தூற்றியது. இன்னும் பொறுத்திருக்கலாம், கூட்டத்தைத் தடுத்திருக்கலாம் என்று அறிஞர் சிலரும் கூறினர். அந்நாட்டுப் பிரதமரோ அம்முடிவு சரியே என்று நின்றார். அந்த வழக்கில் தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. ஆயினும், சிலை எழுப்பியவர்கள் 'அவர்கள் பாவங்களுக்காக' என்று எழுதாமல் 'நம் பாவங்களுக்காக' என்று எழுதியதில் உண்மை இருக்கிறது. ஃபிரேயாவை வெறுத்தவர் எவருமில்லை. அவளைக் கண்டு மகிழ்ந்தவர்கள், அவள் படத்தைப் பகிர்ந்தவர்கள், அவள் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள்தாம் அந்தக் கரையில் கூடினார்கள். அவர்கள் ஐம்பதடி தள்ளி நின்றிருந்தால் அவள் ஒருவேளை இன்றும் உயிரோடிருக்கக்கூடும்.

சமூக ஊடகங்கள் கடல்வாழ் உயிர்களைக் காக்குமா, கெடுக்குமா என்று நம் இளைஞர்கள் அடிக்கடி வாதிடுகிறார்கள். பொதுப்பட விடை கூறுவதைவிட, அதே ஆண்டு இறுதியில் நடந்த மற்றொன்றைச் சொல்வது நலம்.

2022 டிசம்பர் 30 இரவு, இங்கிலாந்தின் யார்க்ஷயர் கடற்கரையிலுள்ள ஸ்கார்பரோ நகர்த் துறைமுகத்தில் ஓர் ஆண் வால்ரஸ் கரையேறிப் படுத்தது. அதற்குத் தோர் என்று பெயரிட்டார்கள். அங்கும் செய்தி கைப்பேசியில்தான் பரவியது. அங்கும் நூற்றுக்கணக்கானோர் வந்தனர். ஆனால் கடல் விலங்குகளை மீட்கும் தொண்டர்கள் முன்னதாகவே வந்து கயிறு கட்டி, காவல் நின்று, வந்தவர்களுக்கு விலங்கின் நிலையை எடுத்துரைத்தனர். மறுநாள் இரவு ஆண்டிறுதி வாணவேடிக்கைக்கு நகரம் முழுவதும் காத்திருந்தது. வெடியோசையில் விலங்கு வெருண்டு ஓடும் என்று தொண்டர்கள் கூறவே, நகராட்சி அந்த விழாவையே நிறுத்திவிட்டது. இத்தனைக்கும் பிறகு, அன்று மாலையே தோர் தானாக நீரில் இறங்கிப் போய்விட்டது! வேடிக்கை போயிற்றே என்று முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பார்கள்; நம் பங்குகளில் திருவிழா வாணவேடிக்கையை ஒரு விலங்குக்காக நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தோம், சிரிப்பும் வந்தது. இரண்டு நாள் கழித்துத் தோர் வடக்கே பிளைத் என்னும் ஊரில் ஓய்வெடுத்தது. 2023 பிப்ரவரியில் ஐஸ்லாந்துக் கரையில் காணப்பட்டது. அதாவது, தன் பனிக்கடலை நோக்கி வீடு திரும்பிக்கொண்டிருந்தது. அது அதே தோர்தான் என்று எப்படித் தெரிந்தது? தொலைவிலிருந்து மக்கள் எடுத்த படங்களில் தெரிந்த துடுப்புத் தழும்புகளால்தான்.

இரண்டு கதைகளையும் சரிக்குச் சமமாக வைப்பது நேர்மையன்று. தோர் அவ்வூரில் ஒருநாள் தங்கியது. ஃபிரேயா ஒரு மாதம் தங்கினாள், படகுகளையும் உடைத்தாள். ஆனாலும் ஒன்று தெளிவு. இரண்டிடத்தும் கைப்பேசி ஒன்றே, படம் ஒன்றே, பார்க்கும் ஆவல் ஒன்றே. ஓரிடத்தில் அந்த ஆவலுக்கு ஒரு கயிறும், நின்று விளக்கம் கூற ஓர் ஆளும் இருந்தார்கள்.

தொலைதூரத்துக் கதை என்று எண்ண வேண்டா. 2016 ஜனவரியில் திருச்செந்தூருக்குத் தெற்கே ஆலந்தலை, கல்லாமொழி, மணப்பாடு கரைகளில் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் ஒதுங்கியதை நம் வாசகர் பலர் மறந்திருக்கமாட்டார். நம் மீனவச் சகோதரர்கள் இரவெல்லாம் அவற்றைக் கடலுக்குள் தள்ளினார்கள்; படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துச் சென்று விட்டார்கள்; அவற்றுள் சில மீண்டும் கரைக்கே திரும்பின. முப்பதுக்கும் மேற்பட்டவை பிழைத்தன, நாற்பதுக்கும் மேற்பட்டவை மாண்டன. அப்போது வெளியான படங்களை இன்றும் காணலாம். கழுத்தளவு நீரில் தோள்கொடுத்துத் தள்ளும் மனிதரும் அவற்றில் இருக்கிறார். கரையில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து நிற்பவரும் இருக்கிறார். படமெடுத்தவரை நாம் குறை கூறவில்லை. அவர் எடுத்திராவிட்டால் தள்ளியவரின் உழைப்பை உலகம் அறிந்திராது.

ஒரு படம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு 2015-இல் நடந்ததைப் போல் வேறொன்றில்லை. நடு அமெரிக்காவிலுள்ள கோஸ்தா ரிக்கா நாட்டுக் கடலில், கிறிஸ்டீன் ஃபிகனர் என்னும் ஆய்வு மாணவியும் குழுவினரும் ஆமைகளை ஆராய்ந்துகொண்டிருந்தனர். பிடித்த ஆமை, நம் கரைகளில் முட்டையிட வரும் பங்குனி ஆமை வகையைச் சேர்ந்தது. அதன் மூக்குத் துளையில் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. புழு என்று எண்ணினர். கையிலிருந்த கத்தியின் சிறு குறட்டால் இழுத்தபோது குருதி வடிந்தது. ஆமை வாய்திறந்து வேதனையில் தலையை அசைத்தது. சிறு துண்டொன்றை வெட்டிப் பார்த்த பின்னரே அது குளிர்பானம் உறிஞ்சும் பிளாஸ்டிக் குழல் என்று தெரிந்தது. முழுவதும் வெளிவந்தபோது ஏறத்தாழ விரல் நீளம் இருந்தது. எட்டு நிமிடம் ஓடும் அக்காட்சியை யூடியூபில் வெளியிட்டார்; கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். அதில் இசையில்லை, பேச்சாளர் இல்லை, அலங்காரம் ஏதுமில்லை. ஓர் உயிர் படும் வேதனையும், அந்த வேதனைக்குக் காரணமான பொருள் நம் வீட்டிலும் கிடக்கிறது என்னும் உணர்வும் மட்டுமே இருந்தன.

குழலுக்கு எதிரான இயக்கம் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது; ஆயினும் அதற்கு முகம் கொடுத்தது அந்த ஆமைதான். 2018-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் பிளாஸ்டிக் குழலைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலையிலும், நம் நாட்டில் 2022 ஜூலை முதல் நாளிலும் தடை நடைமுறைக்கு வந்தது.

இதில் நமக்கொரு மனக்குறை உண்டு. நம்மைப் பற்றிய குறைதான். முன்னர் நாம் பணியாற்றிய கடலோரப் பங்கில், திருவிழாவுக்குக் காகிதக் குழல் வாங்க ஏற்பாடு செய்து, பெரிய சாதனை புரிந்ததுபோல் கோவிலில் அறிவிப்பும் செய்தோம். பூசை முடிந்ததும் முதியவர் ஒருவர் நம்மைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, மணலில் பாதி புதைந்து கிடந்த பழைய நைலான் வலைக்குவியலைக் காட்டி, "சாமி, இதுக்கு என்ன செய்யப் போறோம்?" என்றார். நமக்கு விடை தெரியவில்லை. பின்னர்ப் படித்தபோதுதான் அவர் சுட்டியதன் அளவு புரிந்தது. கடலில் சேரும் பிளாஸ்டிக்கில் குழல்களின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. பசிபிக் பெருங்கடலின் நடுவே மிதக்கும் பெருங்குப்பையை ஆராய்ந்து 2018-இல் வெளியான அறிக்கை, அதன் எடையில் ஏறத்தாழப் பாதி மீன்பிடி வலைகளே என்று கூறுகிறது. கைவிடப்பட்ட வலை கடலில் ஆளின்றியே மீன் பிடிக்கும், ஆமையையும் பிடிக்கும். ஆனால் வலைக்கு அந்த ஆமையின் முகம் போல் ஒரு முகம் கிடைக்கவில்லை. படம் காட்டியதை உலகம் செய்தது, காட்டாததை விட்டுவிட்டது. கைப்பேசித் திரையில் உலகைப் பார்ப்பவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும்.

பார்ப்பதோடு நில்லாமல் பார்த்தவனுக்கு ஒரு வேலையும் கொடுத்த முயற்சி ஒன்று உண்டு. அதைப் படித்தபோது நாம் வியந்தோம். திமிங்கிலச் சுறா என்பது மீன்களிலெல்லாம் பெரியது. அதன் உடலெங்கும் வெண்புள்ளிகள். மனிதரின் கைரேகை போல, ஒவ்வொரு சுறாவுக்கும் புள்ளிகளின் அமைப்பு வேறு. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் இச்சுறாக்களை ஆராய்ந்த பிராட் நார்மன், கணிப்பொறியாளர் ஜேசன் ஹோம்பெர்க், விண்ணியல் அறிஞர் சாவென் அர்சுமானியான் ஆகிய மூவரும் சேர்ந்து ஒரு வழி கண்டனர். இரவு வானின் படங்களில் விண்மீன் கூட்டங்களை ஒப்பிட வானியலார் 1986 முதல் பயன்படுத்திவந்த கணக்கு முறையையே சுறாவின் புள்ளிகளுக்குப் பொருத்தினர். வானத்தைப் படிக்கும் கணக்கால் மீனின் முதுகைப் படித்தார்கள்! 2005-இல் அம்முறை வெளியாயிற்று. அதன்பின், உலகின் எந்தக் கடலில் சுற்றுலாப் பயணி ஒருவர் படமெடுத்து அனுப்பினாலும், இது முன்பு கண்ட அதே சுறாவா, புதியதா என்று சொல்ல முடிந்தது. பிற்காலத்தில் அவர்களது கணிப்பொறி, யூடியூபில் மக்கள் பொழுதுபோக்காக இட்ட காட்சிகளையே தேடிச் சென்று புள்ளிகளைப் படிக்கவும் கற்றுக்கொண்டது. விடுமுறையில் போனவர் மறந்துபோன ஒரு காட்சி, ஒரு சுறாவின் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாகிவிடுகிறது. அதற்கு அவர் சுறாவைத் தொடவேண்டியதில்லை. எட்ட நின்று, பக்கவாட்டில் தெளிவாக எடுத்தாலே போதும்.

இதே சுறா குஜராத்துக் கரையில் முன்னர் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டது. மைக் பாண்டே எடுத்த 'ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்' என்னும் ஆவணப்படம் 2000-இல் அதனை வெளிக்கொணர்ந்தது. அடுத்த ஆண்டே அரசு அச்சுறாவுக்குச் சட்டப் பாதுகாப்பளித்தது. சட்டம் வந்தது, ஆனால் வலையில் அகப்பட்ட சுறாவை விட வேண்டுமென்றால் விலையுயர்ந்த வலையை அறுக்க வேண்டுமே! 2004-இல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையினர், ராமாயணச் சொற்பொழிவாளர் மொராரி பாபுவை அணுகினர். பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீடு வரும் மகளைப் போன்றது இந்த மீன் என்று அவர் மீனவரிடம் பேசினார். 'வாலி', அதாவது அருமைச் செல்வம், என்ற பெயரும் வழங்கலாயிற்று. ஆனால் உருக்கமான சொல்லோடு அவர்கள் நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். அறுத்த வலைக்கு வனத்துறை இழப்பீடு தந்தது. அதிகாரி கடலுக்கு வந்து பார்க்கும்வரை சுறா உயிரோடிருக்காதே; ஆகையால் மீனவர் கையிலேயே நிழற்படக் கருவியைக் கொடுத்து, விடுவிப்பதை அவரே படமெடுத்தால் போதும் என்று ஏற்றுக்கொண்டனர். மீனவனின் சொல்லை நம்பிய ஏற்பாடு அது. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட சுறாக்கள் இவ்வாறு விடுவிக்கப்பட்டுள்ளன. ஏழையின் வலையை அறுக்கச் சொல்லிவிட்டு, அதற்கு விலை கொடுக்காமல், நகரத்தில் இருந்தபடி படத்துக்கு விருப்பக் குறி இடுவது நமக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

நம் பாக் நீரிணையில் வாழும் ஆவுளியாவின் செய்தியும் இதனோடு சேர்ந்ததே. கடற்பசு என்று நூல்கள் கூறும் இவ்விலங்கு கடற்புல்லை மேய்ந்து வாழ்கிறது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு கன்று மட்டுமே ஈனும். நீருக்குள் வாழ்ந்தாலும் நம்மைப் போல் காற்றைச் சுவாசிப்பது. சில நிமிடங்களுக்கொரு முறை மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சுமுட்டி இறந்துவிடும். முன்னாளில் இறைச்சிக்காகப் பிடித்ததை நம் முதியோர் அறிவர். 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆவுளியாக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. நாட்டில் முதலாவது அது. அதற்கு முன்பிருந்தே, வலையில் அகப்பட்ட ஆவுளியாவை விடுவித்த மீனவர்களை வனத்துறை அழைத்துப் பரிசளித்து வருகிறது. விடுவிப்பதை அவர்கள் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்புகிறார்கள். அத்தகைய காட்சிகள் வாட்ஸ்அப்பில் நம் வீடுகளுக்கும் வருகின்றன.

அவ்வாறு வரும்போது, அது எந்தத் துறையில், எந்தப் பாட்டில் அகப்பட்டது என்று கேட்டு எழுதாதீர்கள் என்று நம் இளைஞர்களிடம் கூறி வருகிறோம். கரையில் ஆமையோ ஓங்கிலோ ஒதுங்கினால் முதல் அழைப்பு வனத்துறைக்குப் போகட்டும். படம் அதன் பின்னர் போகட்டும், இடத்தின் பெயரில்லாமல் போகட்டும். உயிருள்ள விலங்கின் முதுகில் பிள்ளையை உட்கார வைத்து எடுத்த படத்தை நமக்கு அனுப்பினால் நாம் பாராட்டப்போவதில்லை என்றும் கூறியிருக்கிறோம். அண்மையில் இருவர் அப்படியொரு படத்தைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். ஒருவர் நம்மீது கோபத்தில் குழுவை விட்டே நீங்கினார்.

சில நாட்களுக்குமுன் நாம் பார்த்த ஆவுளியாக் காட்சி அரை நிமிடமே ஓடியது. கை நடுங்கியபடி எடுத்தது. ஒருவர் வலையை அறுக்கிறார். மற்றொருவர் கழுத்தளவு நீரில் நின்று அதன் முதுகைத் தாங்கிக்கொண்டு, "மெல்ல, மெல்ல" என்கிறார். விலங்கின் முகம் ஒருமுறைகூடத் தெரியவில்லை. வலை விலகியதும் அகன்ற வால் ஒன்று மேலெழுந்து நீரை அறைந்தது. பிறகு கலங்கிய நீர் மட்டும் தெரிந்தது. படமெடுத்தவர் அதன் பின்னே படகைச் செலுத்தவில்லை, கைப்பேசியை அணைத்துவிட்டார்.